டிஹெச்சிஆர் வாடகை வரலாறு: சரக்கு நல்லது, வந்து சேரும் நேரம்தான் சரியில்லை

நியூயார்க் நகரத்தில் ஒரு வீடு 'ரென்ட் ஸ்டெபிலைஸ்டு' (ஆண்டு வாடகை உயர்வுக்குச் சட்டப்படி வரம்பு உள்ளது) என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், அது உண்மையா என்று காட்டும் அரசுத் தாள் ஒன்றுதான் இருக்கிறது. அதன் பெயர் ரென்ட் ஹிஸ்டரி, அதாவது வாடகை வரலாறு. மாநில வீட்டுவசதித் துறையின் வாடகைப் பிரிவு (எல்லோர் வாயிலும் டிஹெச்சிஆர்) இதை இலவசமாகத் தருகிறது. 1984 முதல் ஒவ்வொரு ஆண்டும் அந்த வீட்டுக்கு உரிமையாளர் எவ்வளவு வாடகை என்று பதிவு செய்தார், யார் பெயரில் லீஸ் இருந்தது, ஏன் வாடகை ஏறியது என்று வரிசையாக இருக்கும். இவ்வளவு உபயோகமான தாளை வேறு எந்த அலுவலகமும் சும்மா தராது.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. இப்போது அந்த வீட்டில் குடியிருப்பவர் கேட்டால் மட்டுமே தருவார்கள். அதுவும் அந்த வீட்டு முகவரிக்கே தபாலில் வரும். வீடு தேடி அலைகிறவர் கேட்டால் கிடையாது. மாட்டுச் சந்தையில் பணத்தை எண்ணிக் கொடுத்த பிறகுதான் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம் என்றால் எப்படி இருக்கும், அப்படி. ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன்பு வேறு நான்கைந்து இடங்களில் துழாவி, கிட்டத்தட்ட ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும். தாள் வந்ததும் அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இந்தத் துழாவல் மன்ஹாட்டனில் ஓரளவு சுலபம். ஆறு மாடி, நாற்பது வீடு, 1920-களில் கட்டியது என்றால் பாதி விடை அங்கேயே இருக்கிறது. குவீன்ஸின் கிழக்குப் பக்கம், மரமும் புல்தரையும் கார் நிறுத்த இடமுமாகப் புறநகர் மாதிரி இருக்கிற ஏரியாக்களில்தான் தலைவலி. ஃப்ளஷிங் பிள்ளையார் கோவிலை மையமாக வைத்துக்கொண்டு கியூ கார்டன்ஸ் ஹில்ஸ், ஃப்ரெஷ் மெடோஸ், பேசைட், பெல்ரோஸ் என்று தேடுகிற நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

முதலில், எந்த வீடு இதில் வரும்

பொது விதி: 1974 ஜனவரி 1-க்கு முன் கட்டியது, ஆறு அல்லது அதற்கு மேல் வீடுகள் உள்ளது. அதன் பிறகு கட்டியதாக இருந்தாலும் 421-ஏ போன்ற வரிச் சலுகை வாங்கியிருந்தால், சலுகைக் காலம் வரை உள்ளே வரலாம். நகரம் முழுக்க ஏறக்குறைய 10 லட்சம் வீடுகள் இந்தச் சட்டத்துக்குள் இருக்கின்றன. ரென்ட் கன்ட்ரோல் என்பது இதைவிடப் பழைய வேறு ஏற்பாடு. 1971-க்கு முன்பிருந்தே குடியிருக்கும் குடும்பங்களுக்கானது. புதிதாகத் தேடுகிறவருக்கு அது கிடைக்காது. புரோக்கர் 'ரென்ட் கன்ட்ரோல் வீடு' என்றால் ஒன்று அவருக்குத் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

ஆறு வீடு என்ற இந்தக் கணக்குதான் புறநகர்ப் பக்கம் குழப்புகிறது. பேசைடில் தெருவுக்குத் தெரு இருக்கும் இரண்டு குடும்ப, மூன்று குடும்ப வீடுகள் இதில் வரவே வராது. அங்கே மேல் மாடியை 'ஸ்டெபிலைஸ்டு' என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் கார்டன் அபார்ட்மென்ட் வளாகங்கள் அப்படியல்ல. இரண்டு மாடிச் செங்கல் கட்டடம், ஒரு வாசலுக்கு நான்கே வீடு. பார்த்தால் ஆறு இல்லை. ஆனால் அதே வரிசையில் இருபது வாசல்களும் ஒரே உரிமையாளர், ஒரே பாய்லர், ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே வரி மனை என்றிருந்தால் சட்டம் அதை ஒரே கட்டடமாகவே எண்ணும். படுத்துக் கிடக்கும் அடுக்குமாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இது நாலு வீட்டுக் கட்டடம், ஸ்டெபிலைசேஷன் பொருந்தாது' என்று மேனேஜர் சொன்னால், பாய்லர் எந்த வாசலில் இருக்கிறது என்று கேளுங்கள்.

இதற்கு நேர்மாறான பொறி கோ-ஆப், அதாவது குடியிருப்பவர்களே பங்கு வாங்கி உரிமையாளராகும் கட்டடம். குவீன்ஸின் பெரிய தோட்ட வளாகங்கள் பல, பிற்பாடு கோ-ஆப்பாக மாறிவிட்டன. மாறியபோது வாங்காமல் வாடகைக்கே இருந்தவர்களுக்குப் பாதுகாப்பு தொடரும். அவர்கள் காலி செய்த பிறகு அந்த வீடு பெரும்பாலும் சட்டத்தை விட்டு வெளியே போய்விடும். அதனால் கட்டடத்தின் பெயர் பட்டியலில் இருக்கும்; உங்களுக்குக் காட்டும் வீடு சாதாரண வீடாக இருக்கும். 'ஸ்பான்சர் யூனிட்' (கோ-ஆப்பாக மாற்றியவர் விற்காமல் கையில் வைத்திருக்கும் வீடு) என்ற சொல்லைக் கேட்டதும் இந்தக் கேள்வி எழ வேண்டும்.

கையெழுத்துக்கு முன் பார்ப்பவை

ரென்ட் கைட்லைன்ஸ் போர்டு (ஆண்டுதோறும் உயர்வு சதவீதத்தைத் தீர்மானிக்கும் வாரியம்) பரோ (மன்ஹாட்டன், குவீன்ஸ் போன்ற நகரப் பிரிவு) வாரியாகக் கட்டடப் பட்டியல் வெளியிடுகிறது. எல்லோரும் முதலில் ஓடுவது இதற்குத்தான். முகவரியைத் தேடி, இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு மூடிவிடுகிறார்கள். அதில் உண்மையான சரக்கு முகவரிக்கு அப்புறம் வரும் நிலைப் பத்திகளில் இருக்கிறது. 'கார்டன் காம்ப்ளெக்ஸ்', '421-ஏ', 'ஜே-51' (இன்னொரு வரிச் சலுகை), 'நான்-எவிக்ட் கோ-ஆப்' என்றெல்லாம் எழுதியிருக்கும். கடைசியாகச் சொன்னது இருந்தால் மேலே சொன்ன கோ-ஆப் பொறி. பட்டியலில் இருப்பதற்கு அர்த்தம், அந்தக் கட்டடத்தில் குறைந்தது ஒரு வீடாவது ஸ்டெபிலைஸ்டு என்று பதிவானது என்பது மட்டுமே. பட்டியலில் இல்லாததும் முடிவல்ல: உரிமையாளர் அந்த ஆண்டு பதிவே செய்யாமல் விட்டிருக்கலாம். பதிவு செய்யாததால் வீடு சட்டத்திலிருந்து விடுபடாது. உரிமையாளர்தான் வாடகை உயர்த்தும் உரிமையை, பதியும்வரை, இழக்கிறார். இந்தப் பட்டியலுக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.

குவீன்ஸ் முகவரிகளுக்கு இங்கே ஒரு தனித் தொல்லை. கோடு போட்ட எண்கள்: 141-50 என்று. ஒரு வளாகம் பட்டியலில் '141-50 முதல் 141-62' என்று ஒரே வரியில் பதிவாகியிருக்கும். 141-56 என்று தேடினால் ஒன்றும் வராது. சில இடங்களில் கோடு இல்லாமல் தட்டினால்தான் வரும். இதற்கு ஒரே மருந்து பிபிஎல் எண். பரோ, பிளாக், லாட் (வரி மனை) மூன்றும் சேர்ந்த பத்து இலக்கம். குவீன்ஸுக்கு முதல் இலக்கம் 4, பிறகு ஐந்து இலக்கம் பிளாக், நான்கு இலக்கம் லாட். நகரத்தின் சோலா வரைபடத்தில் முகவரியைக் கொடுத்தால் தெரிந்துவிடும். அந்த எண் கையில் இருந்தால் மற்ற எல்லா இணையதளத்திலும் முகவரிச் சண்டை கிடையாது. பக்கத்து வாசல்களின் எண்ணையும் பார்த்துவிடுங்கள். பத்து வாசலும் ஒரே லாட்டில் இருந்தால், 'நாலு வீட்டுக் கட்டடம்' என்ற கதைக்கு அதுவே பாதி பதில்.

அதிகம் பேர் தொடாத, ஆனால் இந்த வரிசையில் மிகச் சிறந்த கருவி சொத்து வரி பில். நகர நிதித் துறை இணையதளத்தில் பிபிஎல் கொடுத்தால் பழைய பில்கள் எல்லாம் வரும். அதில் 'ஹவுசிங் - ரென்ட் ஸ்டெபிலைசேஷன்' என்ற கட்டண வரி ஒன்று உண்டு. எத்தனை வீடுகளுக்கு அந்தக் கட்டணம் என்று எண்ணிக்கை இருக்கும். எல்லா பில்லிலும் இருக்காது, அதனால் சில ஆண்டுகளின் பில்களைத் திறந்து பாருங்கள். 60 வீட்டுக் கட்டடத்தில் எண்ணிக்கை 58 என்றால் நீங்கள் பார்க்கும் வீடு உள்ளே இருக்க வாய்ப்பு மிக அதிகம். 300 வீட்டு வளாகத்தில் 14 என்றால் விளம்பரத்தைச் சந்தேகப்படுங்கள். 2010-ல் 55 இருந்து 2018-ல் 20 ஆகியிருந்தால் அந்த உரிமையாளர் வீடுகளை வெளியே தள்ளுவதில் மும்முரமாக இருந்திருக்கிறார். அந்தத் தள்ளலில் எத்தனை ஒழுங்காக நடந்தது என்பது தனிக் கேள்வி. இந்த எண்ணிக்கைகளையே ஆண்டு வாரியாகச் சேர்த்துக் காட்டுவது ஜஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பின் 'ஹூ ஓன்ஸ் வாட்'. அதே உரிமையாளருக்கு வேறெங்கே கட்டடங்கள் இருக்கின்றன என்பதும் அதில் தெரியும். பில்லுக்கு நாலரை, இதற்கு நாலு.

நகர வீட்டுவசதித் துறையான ஹெச்பிடியின் தளம் ஸ்டெபிலைசேஷன் பற்றி எதுவும் சொல்லாது. மொத்த வீடுகள் எத்தனை, திறந்திருக்கும் விதிமீறல்கள் எத்தனை என்று பார்க்க நல்லது. ஏ, பி, சி என்று மூன்று வகை; சி உடனடி ஆபத்து. ஹீட் இல்லை என்ற புகார் குளிர்காலத்துக்குக் குளிர்காலம் வரிசையாக இருந்தால் குறைந்த வாடகையின் காரணம் புரிந்துவிடும்.

உரிமையாளரிடம் கேட்க வேண்டியவை

இங்கேதான் சட்டம் நமக்குக் கொஞ்சம் கை கொடுக்கிறது. ஸ்டெபிலைஸ்டு வீட்டு லீஸோடு ஆர்ஏ-எல்ஆர்1 என்ற இணைப்புத் தாள் கட்டாயம் இருக்க வேண்டும். முந்தைய வாடகை எவ்வளவு, புதிய வாடகை எப்படி வந்தது என்று அதில் கணக்கு எழுதியிருக்க வேண்டும். கையெழுத்துக்கு முதல் நாளே அதன் நகலைக் கேளுங்கள். 'லீஸோடு சேர்த்துத் தருகிறோம்' என்று இழுத்தால் பரவாயில்லை, ஆனால் அது இல்லாமல் பேனாவைத் திறக்காதீர்கள்.

இரண்டாவது, பலர் கவனிக்காத ஒன்று. 2024 ஏப்ரலில் வந்த குட் காஸ் எவிக்ஷன் (தகுந்த காரணமின்றி வெளியேற்றத் தடை) சட்டப்படி, அந்த ஆகஸ்ட் 18 முதல் லீஸோடு ஓர் அறிவிப்பு வைக்க வேண்டும்: இந்த வீடு அந்தச் சட்டத்துக்குள் வருமா, வராதென்றால் என்ன காரணத்தால். ஸ்டெபிலைஸ்டு வீட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. காரணமாக 'வாடகை ஒழுங்குமுறைக்குள் இருக்கிறது' என்றுதான் குறித்திருக்க வேண்டும். வாயால் ஸ்டெபிலைஸ்டு என்று சொல்லிவிட்டு இந்தத் தாளில் 'சிறு உரிமையாளர்' என்று குறித்திருந்தால் இரண்டில் ஒன்று பொய். எழுத்தில் இருப்பதைத்தான் நம்ப வேண்டும்.

மூன்றாவது, வாடகை வரலாற்றின் நகலையே நேரடியாகக் கேட்பது. தர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை, ஆனால் மறைக்க ஒன்றும் இல்லாதவர்கள் தருகிறார்கள். காலி செய்துகொண்டிருக்கும் குடித்தனக்காரரைப் படிக்கட்டில் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. அவரால் தாளை வாங்க முடியும். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், 'புதுப்பிப்புக்கு ஆர்டிபி-8 படிவம் வந்ததா?' என்று ஒரே கேள்வி போதும். ஸ்டெபிலைஸ்டு வீட்டு லீஸைப் புதுப்பிக்கும் படிவம் அது. லீஸ் முடிவதற்கு 150 முதல் 90 நாளுக்கு முன் வர வேண்டும். வந்திருந்தால் வீடு உள்ளே இருக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம்.

பணம் பற்றி ஒரு வரி: அட்வான்ஸ் ஒரு மாத வாடகைக்கு மேல் கூடாது, பின்னணிச் சோதனைக்கு 20 டாலருக்கு மேல் கூடாது, 2025 ஜூன் 11 முதல் புரோக்கர் கமிஷன் அவரை அமர்த்தியவர் தலையில். ஸ்டெபிலைஸ்டு வீடு என்பதற்காகத் தனியாக 'சாவிப் பணம்' கேட்டால் அது சட்டவிரோதம்.

தாள் கைக்கு வந்ததும்

குடிபுகுந்த முதல் வாரமே டிஹெச்சிஆர் இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். பத்து நிமிட வேலை. 1984 முதல் முழு வரலாறும் வேண்டும் என்று குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் சில ஆண்டுகள் மட்டும் வரலாம். தபால் பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தோட்ட வளாகங்களில் 'முதல் மாடி வலது' என்று எழுதும் பழக்கம் உண்டு, பதிவில் '2ஏ' என்று இருக்கும். வீட்டு எண் ஒத்துப்போகாவிட்டால் 'பதிவு இல்லை' என்று பதில் வரும். வீடே பதிவில் இல்லை என்று பயந்துவிட வேண்டாம். எண்ணை மாற்றி மறுபடி கேளுங்கள். ஜமைக்காவில் யூனியன் ஹால் தெருவில் அவர்கள் அலுவலகம் இருக்கிறது. டிஹெச்சிஆர் குடியேற்ற நிலையைக் கேட்பதில்லை; ஹெச்-1பியோ மாணவர் விசாவோ, உரிமை ஒன்றுதான்.

தாளின் அடியிலேயே ஓர் எச்சரிக்கை அச்சாகியிருக்கும்: இதில் உள்ளவை உரிமையாளர் சொன்னவை, துறை உறுதி செய்தவை அல்ல. அதை மனத்தில் வைத்துப் படியுங்கள். நிலைப் பத்தியில் 'ஆர்எஸ்' என்றால் ஸ்டெபிலைஸ்டு. 'பிஇ' நிரந்தர விலக்கு, 'டிஇ' தற்காலிக விலக்கு. பார்க்க வேண்டியது ஆர்எஸ் எங்கே நின்றது, அதற்கு முந்தைய ஆண்டு வாடகை எவ்வளவு என்பதைத்தான்.

உதாரணத்துக்கு இப்படி ஒரு தாள். 2012: ஆர்எஸ், 1,400 டாலர். 2013: நிரந்தர விலக்கு, காரணம் 'ஹை ரென்ட் வேகன்சி'. அப்போதைய விதிப்படி வீடு காலியாகி, சட்ட வாடகை (சட்டப்படி வாங்கக்கூடிய அதிகபட்சம்) 2,500 டாலரைத் தொட்டால் வெளியே எடுக்கலாம். காலி வீட்டுக்கு இரண்டு ஆண்டு லீஸில் 20 சதவீதம் ஏற்றலாம்: 1,400 என்பது 1,680 ஆகும். 2,500-க்கு இன்னும் 820 வேண்டும். அதை வீட்டுச் செப்பனிடுதல் செலவால்தான் நிரப்ப முடியும். 35 அல்லது அதற்குக் குறைந்த வீடுள்ள கட்டடத்தில் செலவில் நாற்பதில் ஒரு பங்கை மாத வாடகையில் ஏற்றலாம். அதாவது 32,800 டாலர் செலவழித்திருக்க வேண்டும். 35-க்கு மேல் வீடு இருந்தால் அறுபதில் ஒரு பங்கு, 49,200 டாலர். முந்தைய குடித்தனக்காரர் எட்டு ஆண்டுக்கு மேல் இருந்திருந்தால் இன்னொரு சிறு உயர்வும் உண்டு, கணக்கு கொஞ்சம் தளரும். இப்போது சமையலறைக்குள் போய் நில்லுங்கள். அந்த லாமினேட் அலமாரியும், பெயின்ட் மேல் பெயின்ட் அடித்த ஹீட்டர் குழாயும், பழைய பாத்ரூம் டைல்ஸும் 49,200 டாலர் வேலை மாதிரி இருக்கிறதா?

2019 ஜூன் 14-ல் வந்த சட்டம் இந்த வெளியேற்ற வழியையும் 20 சதவீத உயர்வையும் ஒழித்தது. அதனால் 2019-க்குப் பிந்தைய ஆண்டுகளில் 'ஹை ரென்ட் வேகன்சி' என்று புதிதாக ஒரு வரி முளைத்திருந்தால் அதைக் கேள்வி கேட்டே ஆக வேண்டும். அதற்கு முன் ஒழுங்காக வெளியே போன வீடு வெளியேதான். ஒழுங்காகப் போகவில்லை என்றால், அந்த நிலையை எப்போது வேண்டுமானாலும் எதிர்க்கலாம். ஆனால் கூடுதலாக வாங்கிய பழைய பணத்தைக் கணக்கிடுவதில் ஆண்டு வரம்புகள் உண்டு, அதற்கு வழக்கறிஞர் தேவைப்படும்.

இன்னொரு பத்தி: 'ப்ரிஃபரென்ஷியல் ரென்ட்', சட்ட வாடகையைவிடக் குறைத்து வாங்கும் வாடகை. சட்ட வாடகை 2,400, நீங்கள் கொடுப்பது 1,800 என்றால் இந்த 1,800 அந்தப் பத்தியில் இருக்கும். இப்போதைய சட்டப்படி புதுப்பிக்கும்போது 1,800-ஐ வைத்துத்தான் உயர்வு சதவீதம். 2025 அக்டோபர் முதல் 2026 செப்டம்பர் வரை தொடங்கும் லீஸுக்கு ஓராண்டுக்கு 3, ஈராண்டுக்கு 4.5 சதவீதம். ஆக ஓராண்டுக்கு 1,854. சட்ட வாடகையைப் பிடித்துக்கொண்டு 2,472 கேட்டால் கொடுக்க வேண்டாம். அதே உரிமையாளர் உங்களுக்கு அடுத்து வருபவரிடம் சட்ட வாடகை முழுவதும் கேட்கலாம் என்பதால்தான் 'ஸ்டெபிலைஸ்டு' என்ற சொல்லுக்கும் 'மலிவு' என்ற சொல்லுக்கும் சம்பந்தம் இல்லை. புதிய 421-ஏ கட்டடங்களில் 'ஒரு மாதம் இலவசம்' என்று 2,600 டாலர் வீட்டை 2,383 என்று விளம்பரம் செய்வார்கள். அடுத்த ஆண்டு 2,600-ஐ வைத்து உயர்வு கேட்பார்கள். லீஸில் எந்த எண் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

கணக்கு ஒத்துவராவிட்டால் ஆர்ஏ-89, கூடுதல் வாடகைப் புகார்ப் படிவம். ஆறு ஆண்டுவரை பின்னோக்கிப் பார்ப்பார்கள். வேண்டுமென்றே கூடுதலாக வாங்கியது என்று தீர்ப்பானால் அந்தத் தொகையில் மூன்று மடங்கு தர வேண்டும். செப்பனிட்ட செலவைக் காட்டித்தான் வாடகை ஏற்றினார்கள் என்றால் அதற்கான ரசீதுகளை லீஸ் போட்ட 60 நாளுக்குள் கேட்கும் உரிமை ஆர்ஏ-எல்ஆர்1 இணைப்புத் தாளிலேயே இருக்கிறது. இந்தக் கெடுவைத்தான் அநேகம் பேர் கோட்டை விடுகிறார்கள். டிஹெச்சிஆர் புகார்களை விசாரிக்கும் வேகத்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுப்பதே தாராளம்.

வீடு உறுதியானபின் கெடுத்துக்கொள்ளும் வழி ஒன்றையும் சொல்ல வேண்டும். ஸ்டெபிலைஸ்டு வீடு உங்கள் நிரந்தர இருப்பிடமாக இருக்க வேண்டும். ஓர் ஆண்டில் மொத்தம் 183 நாளுக்குக் குறைவாக அங்கே இருந்தால் உரிமையாளர் அதை ஓர் ஆதாரமாக வைத்து வழக்குப் போடலாம். மார்கழிக்குச் சென்னை போய் ஆடியில் திரும்பும் பெற்றோர் பெயரில் மட்டும் லீஸ் இருந்தால் யோசியுங்கள். அதே பெற்றோருக்கு 62 வயது நிறைந்து, வீட்டு வருமானம் ஆண்டுக்கு 50,000 டாலருக்குள் இருந்து, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகைக்குப் போனால், ஸ்க்ரீ (முதியோருக்கான வாடகை உயர்வு விலக்கு) திட்டத்தில் வாடகையை அப்படியே உறைய வைக்கலாம். அதற்கு லீஸில் அவர்கள் பெயர் இருந்தாக வேண்டும். யார் பெயரைப் போடுவது என்பதை லீஸ் எழுதும் அன்றே தீர்மானித்துவிடுங்கள். பிறகு சேர்க்க உரிமையாளரின் தயவு வேண்டியிருக்கும்.